மெத்தைக்கடை பாயின் இரண்டாவது கேள்வி

பேசவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆளைப் பேசவைக்கத் திருச்சியில் ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் மெத்தைக்கடை பாய். மலைக்கோட்டையே இறங்கி வந்து தலையணை விலை கேட்டிருந்தாலும், "உக்காருங்க, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று அதன் வாயைக் கிளறியிருப்பார். அதுவும் பதில் சொல்லியிருக்கும்.

அவருக்குப் பெயர் உண்டு, கடைக்குப் பலகையும் உண்டு. ஆனால் பெரிய கடை வீதியில் மெத்தைக்கடை பாய் என்று கேட்டால்தான் யாரும் கை காட்டுவார்கள்.

நாங்கள் சிலர் சேர்ந்து ஊர்க்காரர்களின் பேச்சைப் பதிவுசெய்து பாட்காஸ்டாக வெளியிட்டு வருகிறோம். சம்பளமும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஆளாளுக்குக் கிடைத்த நேரத்தில் இழுத்துப்போட்டுச் செய்கிற வேலை. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் மைக்கை வைத்தால் பேசுகிறவரைவிட பஸ் ஹாரன்தான் தெளிவாகக் கேட்கும். ஒரு நாள் தலையணை வாங்கப் போனவள், பாயின் கடைக்குப் பின்னால் இருந்த குடோனை எட்டிப் பார்த்தேன். கூரைவரை இலவம்பஞ்சு மெத்தைகள். வெளியே கடைவீதி இரைந்துகொண்டிருக்க, உள்ளே என் மூச்சு எனக்கே கேட்டது. அடடா, ஸ்டுடியோ என்றால் இதுவல்லவா!

"தாராளமா வந்து பேசிக்கங்கம்மா," என்றார் பாய். "ஆனா யாரு பேசணும்னு நான்தான் புடிச்சுத் தருவேன்."

அன்றைக்குப் பிடித்தது சனி, அவரிடம் மெத்தை வாங்க வந்தவர்களுக்கு. பில் போடுவதற்கு முன்னால், "நம்ம பாட்காஸ்ட் கேக்குறீங்களா?" என்பார். கேட்கிறேன் என்று சொன்னால் தொலைந்தது. "மத்தவங்க கதையை ஓசியில கேட்டுட்டு, உங்க கதையை மட்டும் பூட்டி வச்சுக்குவீங்களா? உள்ள போங்க!" கேட்பதில்லை என்று சொன்னாலும் தப்ப முடியாது. "அப்ப மொதல்ல பேசுங்க. நீங்க பேசுனதையாச்சும் கேப்பீங்கல்ல?" கல்யாணத்துக்கு மெத்தை எடுக்க வந்த ஒரு குடும்பம், மாப்பிள்ளையின் மாமாவைக் குடோனுக்குள் பறிகொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை வாசலில் வேன் வைத்துக் காத்திருந்தது.

எல்லாரும் சொல்கிற சாக்கு ஒன்றேதான்: "எங்கிட்ட பேச என்ன இருக்கு?" அதற்குத்தான் பாயின் முதல் கேள்வி. காலையில என்ன சாப்பிட்டீங்க? இட்லி என்பார்கள். யாரு அவிச்சது என்பார். அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் ஆள் வீட்டைவிட்டு ஓடிப்போன கதைக்கு வந்திருப்பார்.

பொன்மலையில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இப்படித்தான் மாட்டினார். மெத்தைமேல் உட்கார்ந்து, பஞ்சுத் தூசியில் இருமி இருமிப் பேசியவர், பாதியில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். எங்களில் எடிட்டிங் தெரிந்த ஒரே ஜீவன் ஜெரோம். இருமலையும் குறட்டையையும் வெட்டித் தள்ளலாம் என்று உட்கார்ந்தான். பாய் விடவில்லை.

"இருமலும் அவருதுதானே தம்பி? அத வெட்டிட்டா பேசுறது அவருதான்னு யாருக்குத் தெரியும்?"

வெட்டாமலே வெளியிட்டோம். ஆஸ்திரேலியாவிலிருந்து அந்தப் பெரியவரின் மகள் எனக்குப் போன் செய்தாள். "அப்பா சொன்ன ரயில் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம்க்கா. அந்தக் குறட்டையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்று தேம்பினாள். அதன்பிறகு ஜெரோம் கத்தரியை எடுக்கும்போதெல்லாம் பாயைப் பார்த்துக்கொள்வான்.

பாயின் வித்தை ஒரே ஒருவரிடம்தான் சறுக்கியது. எங்கள் உத்தர வீதி மாமி.

"நேக்கு என்ன பேசத் தெரியும்? தலகாணி வாங்க வந்தவளை விட்டுடுங்கோ."

"சரி மாமி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இன்னிக்கு ஏகாதசி. பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை."

ஜெரோம் மெத்தைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தான். பாய் தாடியைச் சொறிந்தார். அவருக்கு இப்படி ஒரு பதில் வந்ததே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்ப, எத நெனச்சு ஏங்குறீங்க மாமி?"

"ஏகாதசியும் அதுவுமாக் கேக்கற கேள்வியா இது?" என்று மாமி எழுந்தே விட்டார். நின்றார். திரும்ப உட்கார்ந்தார். "அக்காரவடிசல்," என்றார்.

பிறகு அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. பால் எவ்வளவு சுண்ட வேண்டும், நெய் எப்போது விட வேண்டும் என்று ஆரம்பித்து, மறுநாள் விரதம் முடிக்கிற வேளையில் மாமிக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து மூடிவைக்கிற கணவரிடம் வந்து சேர்ந்தார். "அவர் போனப்பறம் நான் அதைப் பண்றதே இல்லை. என் ஒருத்திக்காக யார் கிளறிண்டு நிக்கறது?" என்றார். பாய் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஞ்சு கண்ணில் பட்டுவிட்டதாகக் கையால் ஜாடை காட்டிப் புளுகினார். அதை வெளியிட்ட வாரம் எங்களுக்கு வந்த குரல்பதிவுகள் கொஞ்சநஞ்சமல்ல. ஊரே எதையோ நினைத்து ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

பிறகு பாய்க்கு மூட்டுவலி வந்தது. மகள் ஷார்ஜாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நாங்கள் ஜெரோமின் வீட்டில் பீரோவைத் திறந்து, அவன் மனைவியின் பட்டுப்புடவைகளுக்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பாய் ஷார்ஜா போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை பேரைப் பேசவைத்த மனிதரின் குரல் எங்களிடம் இல்லை! நாங்கள் அழைத்தபோதெல்லாம், "நான் உள்ள வந்துட்டா கல்லாவை யாரு பாக்குறது?" என்று நழுவியிருக்கிறார். பழைய பதிவுகளை எல்லாம் கிளறினோம். குடோனுக்குள் அவர் சொன்னதெல்லாம் மைக்கைப் போடுவதற்கு முன்னால். மைக் ஓடும்போது அவர் வாசலில் நின்று கத்தினாலும் உள்ளே கேட்டதில்லை, அவ்வளவு உத்தமமான குடோன் அது. எனக்குப் பொறுக்கவே இல்லை. எப்படியாவது அவரை ஒரு தடவை பேசவைத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

போனில் வாய் ஓயாமல் பேசுவார். "பாய், இதையே ரெக்கார்டு பண்ணி அனுப்புங்களேன்," என்றால் உடனே தொண்டை கட்டிவிடும். பேத்தி தூங்குவாள். இன்ஷா அல்லாஹ், நாளைக்கு என்பார். கடைசியில் ஒரு நாள் சொன்னாரே பார்க்கலாம்: "நம்மகிட்ட பேச என்னம்மா இருக்கு?"

இந்த மனுஷனை என்ன செய்வது?

இந்த வருடம் ஒரு காலை, அவர் வழியிலேயே போவது என்று, வாட்ஸ்அப்பில் என் குரலை அனுப்பினேன்: "பாய், காலையில என்ன சாப்பிட்டீங்க?"

எழுத்தில் பதில் வந்தது. "நோன்பும்மா."

தலையில் அடித்துக்கொண்டேன். இங்கே இன்னும் பிறை தெரியவில்லை. அங்கே ஒரு நாள் முன்னதாகவே நோன்பு தொடங்கிவிட்டது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனவள், மாமியை நினைத்துக்கொண்டேன். "அப்ப, எத நெனச்சு ஏங்குறீங்க பாய்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

சாயங்காலம் வந்தது, அவருடைய குரல்.

"நம்ம கடைவீதி நோன்புக் கஞ்சிதாம்மா. இங்கயும் கஞ்சி இருக்கு, மக நல்லாத்தான் காய்ச்சுது. ஆனா அங்க நாலு மணிக்கே தூக்குவாளியோட ஜனம் போகும் பாரு, அந்தச் சத்தம் இல்ல. கஸ்டமர் மெத்தையத் தட்டிப் பாக்குற சத்தம் இல்ல. அந்த மாமி சொன்னாங்களே அக்காரவடிசல், அத நான் சாப்பிட்டதே இல்லம்மா. அதுக்குக்கூட ஏங்குறேன்னா பாரேன்."

அப்புறம் இருமினார். இருமலா அது? பஞ்சே இல்லாத ஊரில் எதற்கு இருமுகிறார்? விசும்பல் நின்றதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதையெல்லாம் வெட்டிரும்மா, அழுவுறத யாரு கேப்பாங்க?" என்றார்.

இந்த வாரம் வெளிவருவது அதுதான். கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள் வாசகர்களே, உங்கள் குரலும் வர வேண்டும், இல்லாவிட்டால் பாய்க்குக் கோபம் வரும்.

எதையும் வெட்டவில்லை, பாய். அதை வெட்டிவிட்டால் பேசுவது நீங்கள்தான் என்று யாருக்குத் தெரியும்?