குளியலறை நத்தைகள் குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தாயார், நத்தைகள் அனைவரும் நலம். உங்கள் நலத்தை இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகு தெரிவிக்கவும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்களும் பேசுவீர்கள் என்பதால் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கல்யாணப் பேச்சின்போது "மெல்லுடலிகள் ஆராய்ச்சி" என்றீர்கள். ஏதோ பெரிய உத்தியோகம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நத்தை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. போகட்டும். ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகுகிறதென்று இரண்டு கண்ணாடித் தொட்டிகளை நம் குளியலறையில் வைத்துவிட்டு, கமிட்டி வரும்வரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கக் கிளம்பும்போது நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சிவப்புப் பொட்டு வைத்தவை பாடம் படித்த நத்தைகள். மூச்சு விட நீருக்கு மேலே வந்து மூச்சுத் துளையைத் திறக்கும்போதெல்லாம் குச்சியால் மெல்லத் தொட்டுத் தொட்டு, திறக்கக் கூடாது என்று நீங்கள் பழக்கியவை. நீலப் பொட்டுக்காரர்கள் குச்சியையே பார்க்காதவர்கள். வெள்ளிக்கிழமை கமிட்டி வரும்போது சிவப்பு மூடியும் நீலம் திறந்தும் இருந்தால் நத்தைக்கு ஞாபகசக்தி உண்டென்று ஆகும், உங்கள் ஆய்வுக்கூடமும் பிழைக்கும். இல்லாவிட்டால் இழுத்துப் பூட்டிவிடுவார்கள். "மாமா, கீரை மட்டும் போடுங்க, வேற எதுவுமே செய்யாதீங்க" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனீர்கள். காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனிடம் இத்தனை தடவை சொல்ல வேண்டுமா என்று எனக்கு வருத்தம்கூட வந்தது.

உங்கள் தாயார்மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சம்பந்தியம்மா வந்து தங்கியது எங்கள் பாக்கியம். வந்த அன்று குளிக்கப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை, தண்ணீர்ச் சத்தமும் இல்லை. கடைசியில் அவரே கதவைத் திறந்தபோது கையில் பஞ்சும் என் மகளுடைய நெயில் பாலிஷ் ரிமூவரும். "எந்தப் புண்ணியவானோ இதுங்க முதுகுல சாயம் பூசி வெச்சிருக்கான் சம்பந்தி. பாவம், வாயில்லா ஜீவன். எல்லாத்தையும் சுத்தமா துடைச்சுட்டேன்" என்றார். பெற்ற தாயிடம் அந்தப் புண்ணியவான் யாரென்று எப்படிச் சொல்வது? ரொம்ப சந்தோஷம் என்றேன். "பிரிச்சு வெச்சிருந்ததைப் பார்த்து மனசு கேக்கலை. ஒரே தொட்டியில விட்டுட்டேன்" என்றார். அதற்கும் சந்தோஷம் என்றேன்.

எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று குலாவிக்கொண்டிருக்கின்றன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. டிக்கெட் இல்லாதவன் என்று எவன் நெற்றியிலாவது எழுதியிருக்குமா? கேட்டுத்தானே கண்டுபிடித்தேன்? மூச்சுக்கு மேலே வரட்டும் என்று தொட்டியின் காற்றுக் குழாயை நிறுத்தினேன், முக்காலி போட்டு உட்கார்ந்தேன், குச்சியை எடுத்தேன். மேலே வந்தும் திறக்காதது சிவப்பு, திறந்தது நீலம். பாதிக்குப் பாதி பிரிந்துவிட்டது. பழையபடி பொட்டும் வைத்தாயிற்று. ஆனாலும் ஒருமுறை பார்த்த டிக்கெட்டை மறுபடி பார்க்காமல் நான் எந்தப் பெட்டியை விட்டும் இறங்கியவனல்ல. நீலங்களைக் குச்சியால் தொட்டுத் தொட்டு இரண்டு நாளாகச் சரிபார்த்தேன். "அப்பா, குளிக்கணும், ஆபீசுக்கு நேரமாச்சு" என்று மகள் கதவைத் தட்டினாள். "உன் புருஷனுக்கு வேலை இருக்கணுமா, நீ குளிக்கணுமா?" என்றேன். அடுக்களையில் முகம் கழுவிக்கொண்டு போய்விட்டாள். நீலங்களும் முதலில் துள்ளினாலும் வர வர நல்ல அடக்க ஒடுக்கமாகிவிட்டன.

ஆகவே தைரியமாகக் கமிட்டியை அழைத்து வரவும். நீங்கள் எடுத்த காரியம் ஜெயமாகி, கூரை ஒழுகாத ஆய்வுக்கூடமும் நத்தையில்லாத குளியலறையும் அமைய ஆசீர்வதிக்கும்,

அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடைசியாக ஒரு பார்வை பார்த்தேன். சிவப்பெல்லாம் மூடிக்கொண்டன. நீலமும் மூடிக்கொண்டது. குச்சியை வைத்துவிட்டு வெறுங்கையோடு போய் நின்றேன், அப்போதும் மூடியே இருந்தன. "அதுங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு சம்பந்தி, நீங்க வெளியில போங்க" என்கிறார் உங்கள் தாயார். உங்கள் ஆராய்ச்சி முற்றிலும் சரி மாப்பிள்ளை. இந்த வீட்டில் இப்போது மறக்கத் தெரிந்த நத்தை ஒன்றுகூட இல்லை. நீங்களாவது மறந்துவிட வேண்டும்.