கரீம் பாய் ஆபீஸ் மேஜையும் ஆண்டோ கல்யாணப் பத்திரிகையும்

மாதா துணை

திண்டிவனம்
14.5.2009

மதிப்பிற்குரிய மச்சான் டோமினிக் அவர்களுக்கு, தங்கள் தங்கை சூசை மேரியின் கணவன் அருள்நாதன் வணக்கம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். விழுப்புரத்தில் தாங்களும் பவுலின் அக்காவும் தங்கள் மகன் கல்யாண மாப்பிள்ளை ஆண்டோவும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். வேண்டுதல் வேறு, கோபம் வேறு. கோபம் அப்படியே இருக்கிறது.

ஈஸ்டர் விருந்தில் நான் என்ன கேட்டேன்? பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'டேபிள் டிசைனர்' என்று போடச் சொன்னேன். அதற்கு நீங்கள், "கோயிலுக்கு பெஞ்சு அடிக்கிறவரு டிசைனரா? மொதல்ல ஒரு மேஜ பண்ணி காட்டுங்க மாப்ள" என்றீர்கள். பந்தியே சிரித்தது. பவுலின் அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அந்தப் பட்டம் பத்திரிகையில் இல்லாவிட்டால் நானும் உங்கள் தங்கையும் கல்யாணத்துக்கு வர மாட்டோம் என்று அன்றே சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இப்போது மேஜை பண்ணிவிட்டேன். கேளுங்கள்.

கோட்டக்குப்பம் அப்துல் கரீம் பாய் துபாயிலிருந்து திரும்பி இங்கே பைபாஸில் டிராவல்ஸ் திறந்திருக்கிறார். மீட்டிங் ரூமுக்குப் பத்துப் பேர் உட்காரும் மேஜை வேண்டும் என்றார். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்தேன். நடுவில் அகலம், இரண்டு முனையிலும் ஒடுக்கம். எங்கே உட்கார்ந்தாலும் எல்லார் முகமும் தெரியும். கம்ப்யூட்டர் ஒயர் உள்ளே போக நடுவில் ஒரு துவாரம், முழங்கால் இடிக்காதபடி நாலு காலுக்குப் பதில் இரண்டே தூண், மேலே பளபளவென்று தேக்கு மைக்கா. தனித்தனியாகக் கொண்டுபோய்த் திங்கட்கிழமை காலை அங்கேயே பூட்டினேன். பூட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், மச்சான், மேஜைக்கு அடியில், இரண்டு பக்கமும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முட்டி போடும் பலகை! இருபத்திரண்டு வருஷமாக, ஜெபத்தில் முட்டி போடப் பலகை வைத்து மாதா கோயில் பெஞ்சு செய்த கை. நீளமாக எதைச் செய்தாலும் அதுவே பலகையையும் அடித்துவிடுகிறது. வலிக்கக் கூடாதென்று ஸ்பாஞ்சு வைத்துச் சிவப்பு ரெக்ஸின் வேறு தைத்திருந்தேன்.

கரீம் பாய் குனிந்து பார்த்து, "இன்னா மேஸ்திரி, மீட்டிங்குக்கு வர்றவங்கள முட்டி போட வெக்கப் போறியா? பேஜாரா பூட்சே, ஜல்தியா கழட்டு!" என்றார். ஸ்பேனரை எடுப்பதற்குள், பாய்க்கு ஏஜென்சி கொடுக்கிற மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களில் தலைவர் சீனுவாசன் என்பவர் குட்டையான மனிதர். சுழல் நாற்காலியில் ஏறினார், கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. துழாவிய கால் பலகையில் போய் உட்கார்ந்தது. "ஆஹா! எத்தனையோ ஆபீஸ் பாத்துட்டேன், என் காலப் பத்தி ஒருத்தனும் யோசிச்சதில்லீங்க. யாரு டிசைனரு?" என்றார். பாய் கண் இமைக்காமல் என் தோளில் கை போட்டு, "நம்ம டிசைனருதாங்க, ராத்திரி பகலா யோசன பண்ணிக்கினே இருந்தாரு" என்றார். ஏஜென்சி கையெழுத்தாகிவிட்டது. சீனுவாசன் தன் ஆபீஸுக்கு ஆறு மேஜை கேட்டிருக்கிறார். பலகை கட்டாயம் வேண்டுமாம்.

ஆகவே மச்சான், இனி ஒரு சாக்கும் சொல்ல முடியாது. பந்தியில் சிரித்த அத்தனை பேருக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டவும். பட்டம் போட்ட பத்திரிகை வந்தால் வருவோம். வராவிட்டால் ஆண்டோவுக்கு இங்கிருந்தே ஆசீர்வாதம். பவுலின் அக்காவுக்கு என் அன்பு. சாப்பிடும்போது சிரிக்க வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவர்,
டேபிள் டிசைனர் ச. அருள்நாதன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் தங்கை பீரோவைத் திறந்து ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினாள். நான் பட்டறையில் இருந்தபோது போன வாரமே நீங்கள் நேரில் வந்து கொடுத்தீர்களாம். கோபத்தில் கிழித்துவிடுவேன் என்று புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே என் பெயர். கீழே டேபிள் டிசைனர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். மேலே எழுதிய கோபத்தையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். முதல் நாளே வந்துவிடுகிறோம். ஒன்று மட்டும் புரியவில்லை. நான் டிசைனர் என்பது எனக்கே திங்கட்கிழமைதான் நிச்சயமாகத் தெரிந்தது. உங்களுக்கு மட்டும் எப்படி மச்சான் போன வாரமே தெரிந்தது?