தாய்மாமன் நடத்திய பள்ளிக்கூடம்

“…அது மாமனுக்குத் தெரியாதுங்க. வகுத்தல் கணக்கு நேத்து நாந்தானுங்க மாமனுக்குச் சொல்லிக் குடுத்தேன்,” என்றாள் என் அக்கா மகள் பாவாத்தா, இடுப்பில் தம்பியோடு.

கேட்டுக்கொண்டிருந்தவர் கட்டாயக் கல்விக்காக வீடு வீடாக வந்த அட்டெண்டன்ஸ் ஆபீசர். அந்த மாமன் நான்தான். வயசு இருபது. வேலை, மில்லில் வேலை தேடுவது. (தேடிக்கொண்டே இருந்தேன். கிடைத்துவிடாமலும் பார்த்துக்கொண்டேன்.)

பள்ளிக்கூடத்து நிழல்கூட என்மேல் அதிகம் பட்டதில்லை. காப்பி கிளப் சுவரில் ஒட்டிய நாடக நோட்டீசையும் கடைப் பலகைகளையும் முறைத்து முறைத்துப் பார்த்தே எழுத்தைப் பிடித்தவன். அப்படிப் படித்தவனுக்கு ஒரு வியாதி வரும். தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று தோன்றிவிடும். எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது.

முப்பதுகளில் கோயமுத்தூரில் எங்கள் பகுதிக்கும் அந்தச் சட்டம் வந்தது. பள்ளி வயசுப் பிள்ளையை அனுப்பாவிட்டால் பெற்றவர்களுக்கு அபராதம். அக்கா மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மச்சான் பாரவண்டி ஓட்டிக்கொண்டு பவானிப் பக்கம் போனால் திரும்ப வாரக்கணக்காகும். கைக்குழந்தை பழனியைப் பார்த்துக்கொள்ளத்தான் பாவாத்தாளை இரண்டாம் வகுப்போடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் பள்ளிக்கூடம் போனால் அக்கா வேலையை விட வேண்டும். விட்டால் அடுப்பு எரியாது. வேளை தவறாமல் அந்த அடுப்பில் சாப்பிட்டவன் என்ற முறையில் எனக்கும் கவலை இருந்தது.

குழந்தையை நீ பார்த்துக்கொள் என்று அக்கா என்னைக் கேட்கவே இல்லை. ஆம்பளை ஒருத்தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வீட்டிலேயே ஒழுங்காகப் பாடம் நடந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை, ஆபீசர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் போதும் என்று காப்பி கிளப்பில் யாரோ சொன்னார்கள். அன்றைக்கே வீட்டுக்கு ஓடிவந்தேன்.

“ஊட்டுல தாய்மாமன் ஒருத்தன் இருக்கறப்ப எதுக்கக்கா பயப்படறே?”

“நீ இருக்கறதுதான்டா பயமா இருக்குது,” என்றாள் அக்கா.

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மனு எழுதினேன்: ‘தாய்மாமன் என்ற முறையில் மேற்படி சிறுமிக்கு இருவேளையும் தமிழ், கணக்கு, பூகோளம், சுகாதாரம் ஆகியவற்றை அடியேன் போதித்து வருகிறேன்.’ (பூகோளம் அழகுக்காக. சுகாதாரம், காகிதத்தில் இடம் மிச்சமிருந்ததால்.)

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் பாவாத்தாளை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். இருபத்தேழை நாலால் வகுக்கப் போய், கடைசியில் ஒரு மூன்று நின்றுகொண்டது. அதை என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை.

“அழிச்சுப்போடு அம்மணி, யாரு பாக்கப்போறாங்க?”

“அழிக்கக் கூடாதுங்க மாமா. மீதின்னு எழுதோணும்,” என்றாள் அவள், ரொம்பப் பொறுமையாக.

மறுநாள் ஆபீசர் வந்தார். வயசானவர், கையில் குடை, கக்கத்தில் நோட்டு. அக்கா லீவு போட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள். என் மனுவை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு, “ஏனுங்க தம்பி, சட்டத்துல தாய்மாமனுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லீங்களே,” என்றார்.

பாவாத்தா பாடத்தைத் தண்ணீராக வாசித்தாள். பெருக்கல் கேட்டார், போட்டாள். ஆபீசர் தலையாட்டினார். நான் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

“எல்லாம் நம்ம பயிற்சிங்க. வகுத்தல் எப்படிச் சொல்லிக் குடுத்தேன்னு வேணா கேட்டுப் பாருங்க,” என்றேன்.

கேட்டார். மேலே முதல் வரியில் எழுதியிருக்கிறேனே, அந்தப் பதில் வந்தது.

ஆபீசர் சிரிக்கவில்லை. சிலேட்டை வாங்கி, ஐம்பதை எட்டால் வகுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். வேர்வை சிலேட்டில் சொட்டியது. ஆறு வரைக்கும் வந்துவிட்டேன். கீழே ஒரு இரண்டு நின்றது. என்னையும் அறியாமல் அதைக் கட்டைவிரலால் அழித்துவிட்டேன்.

“மீதிங்க மாமா,” என்று காதோரம் குனிந்து சொன்னாள் பாவாத்தா. அவள் இடுப்பிலிருந்த பழனி என் தலைமயிரைப் பிடித்து இழுத்தான்.

“ஊட்டுப் பாடம் நடக்கறது நெசந்தானுங்க,” என்றார் ஆபீசர், நோட்டில் எழுதிக்கொண்டே. “ஆனா வாத்தியாருக்கு எட்டு வயசுதான் ஆகுது. புள்ளயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போடுங்க அம்மணி.”

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அப்புறம் கைக்கொழந்தய யாருங்க பாப்பாங்க? எம்பட வேல போயிருமுங்க.”

ஆபீசர் நோட்டை மூடி என்னைப் பார்த்தார். “சட்டத்துல இல்லாட்டி என்னங்க, முறையில தாய்மாமன் இருக்காருங்களே.”

அக்காவுக்கு வேலை போகவில்லை. ஊர் சிரித்தது, சிரித்துச் சிரித்து ஒரு மாசத்தில் அலுத்தும் போனது. பழனி இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டான். சொந்தத்தில் எந்தக் காதுகுத்துக்குப் போனாலும், “மத்த மாமனுங்க காது குத்தறப்ப ஒரு நாழி மடி குடுப்பாங்க, எங்க மாமன் மூணு வருசம் குடுத்தாரு,” என்று அவன் ஆரம்பித்துவிடுவான். தெரிந்தேதான் என்னைக் காட்டிக் கொடுத்தாயா என்று பாவாத்தாளிடம் பலமுறை கேட்டுவிட்டேன். “பெரியவங்க கேட்டா நெசத்தத்தானுங்க மாமா சொல்லோணும்,” என்பாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அன்றைக்கு ஆபீசர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாவாத்தா பழனியை இடுப்பிலிருந்து இறக்கி என் மடியில் வைத்தாள். சிலேட்டை என் கையிலிருந்து எடுத்து, நான் அழித்த இடத்தில் ‘மீதி 2’ என்று எழுதினாள். பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆபீசரின் குடைக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு நடந்துவிட்டாள்.