நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு, உலகத்தைச் சுற்றி

நோர்வூட்டுக்கும் ஹட்டனுக்கும் இடையில் உலகத்தை இத்தனை தடவை சுற்றிய மனிதர் கப்பல்காரரைத் தவிர இன்னொருவர் கிடையாது. இனிமேல் பிறக்கவும் மாட்டார். இப்படி அடித்துச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லலாம்.

கப்பல்காரரிடம் கப்பல் கிடையாது. இருந்தது ஒரு பழைய வேன். காலையில் பதினாறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹட்டன் பாடசாலைகளுக்குப் போவார், மத்தியானம் திருப்பிக் கொண்டுவருவார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய லைசன்ஸில் இருக்கிறது. அதை வாசித்தவர்கள் பொலிஸ்காரர்கள் மட்டும்தான்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மகள் நிலானியின் வயிறு. முதலாம் வகுப்புக்கு அவளுக்கு ஹட்டனில் இடம் கிடைத்தபோது நான் சந்தோஷப்பட்டேன். ரோட்டை மறந்துவிட்டேன். எங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டன் வரைக்கும் ரோடு நேராகப் போவது மொத்தம் மூன்று இடத்தில். மற்றதெல்லாம் முடக்குத்தான். ஒரு முடக்கில் திரும்பி முடிப்பதற்குள் அடுத்த முடக்கு வந்து நிற்கும். நிலானி முதல் இரண்டு வாரமும் தினமும் வாந்தி எடுத்தாள். முகர்ந்துகொள்ளத் தேசிக்காய் கொடுத்து அனுப்பினேன். இஞ்சி கொடுத்தேன். வெறும் வயிற்றோடு அனுப்பினேன், பிறகு அது பாவம் என்று வயிறு நிறையக் கொடுத்து அனுப்பினேன். யாரோ சொன்னார்கள் என்று தொப்புளில் பிளாஸ்டர்கூட ஒட்டினேன். வாந்தியோடு பிளாஸ்டர் கழன்ற அரிப்பும் சேர்ந்ததுதான் மிச்சம். பையில் புத்தகம் இருந்ததோ இல்லையோ, வாந்தி பிடிக்க நான்கு பொலித்தீன் சிலிசிலி பேக்கும் ஒரு மாற்று யூனிபோர்மும் கட்டாயம் இருந்தன.

முதலில் ஏற்றிப்போன வேன்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “டீச்சர், சீட்டு கழுவிக் கழுவி என் கைரேகையே அழிஞ்சிருச்சு. வேற வேன் பாருங்க.”

என் கணவருக்குக் கொழும்பில் வேலை. போனில் அன்பாகத்தான் சொன்னார்: “பிள்ளைக்கு ஒத்துக்கலன்னா உன் ஸ்கூல்லயே சேர்த்துரு. இதுல என்ன இருக்கு?” நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலை ஒன்றும் மோசமில்லை. ஆனால் அங்கே முதலாம் வகுப்பு டீச்சரும் நான்தான். வீட்டிலும் என் பதற்றம், வகுப்பிலும் என் பதற்றம் என்றால் அந்தப் பிள்ளை எங்கே போய் மூச்சு விடும்? அடுத்த மாத முடிவு வரைக்கும் பார்ப்பது, அதற்குள் வாந்தி நிற்காவிட்டால் ஹட்டன் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபிறகும் தினமும் ஒருதடவை மறுபடி முடிவு செய்தேன்.

அந்த நிலையில்தான் கப்பல்காரரின் வேனை மறித்தேன்.

“அண்ணே, பிள்ளைக்கு வாந்தி வரும். முதல்லயே சொல்லிடுறேன்.”

“எந்த முடக்குல?”

அதுவரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. டாக்டர்கூடக் கேட்கவில்லை. நிலானிதான் பதில் சொன்னாள். “தேத்தண்ணிக் கடை முடக்குல.”

“அது அரபிக் கடலும்மா. கஷ்டமான இடம்தான்,” என்று சொல்லிக் கதவைத் திறந்தார். “ஏறு. இன்னைக்குத்தான் லண்டன்ல இருந்து கிளம்புறோம்.”

பிள்ளையைப் பைத்தியக்காரரிடம் ஒப்படைத்துவிட்டோமோ என்று எனக்கு அன்று முழுக்கப் பாடம் ஓடவில்லை. மத்தியானம் நிலானி இறங்கினாள். காலையில் போட்டுவிட்ட அதே யூனிபோர்ம். “அம்மா, துரை கிளப்புல பந்தயம் கட்டிட்டாரு,” என்றாள்.

அது என்ன கதை என்று எனக்கு உடனே தெரிந்தது. இத்தனை நாளில் உலகத்தைச் சுற்றி வந்து காட்டுகிறேன் என்று ஒரு வெள்ளைக்காரர் பந்தயம் கட்டிப் புறப்படும் பழைய நாவல். வாசகர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட நாளில் வாசித்திருப்பீர்கள். கப்பல்காரருக்கு ஒன்பதாம் வகுப்பில் விளையாட்டுப் போட்டிப் பரிசாக அதன் சுருக்கம் கிடைத்திருக்கிறது. ஒரே தடவை வாசித்திருக்கிறார். மிச்சத்தை அவரே பார்த்துக்கொண்டார்.

அவர் கதையில் அந்த வெள்ளைக்காரர் தேயிலைத் தோட்டத் துரையாகிவிட்டார். கூடப் போகும் வேலைக்காரன், பங்களாக்களில் துரைக்குச் சமைத்துப் போடும் அப்புவாகிவிட்டான். துரை மணிக்கூட்டைப் பார்ப்பதோடு சரி, உலகத்தைச் சுற்றும் வேலையெல்லாம் அப்புவுடையது. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் துரை முதலில் கேட்பது, “இங்க கொழுந்து எப்படி?” சீனாவில் தேத்தண்ணி குடித்த அப்பு, “தூள்ல சாயமே இல்லியே, யாருய்யா உங்க டீமேக்கர்?” என்று சண்டைக்குப் போய்விட்டான். அமெரிக்காவில் மழை பெய்து ரயில் பெட்டிக்குள் இரத்தம் குடிக்கும் அட்டை ஏறியது. சமுத்திரம் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ரோட்டோரத்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் ஒன்றே போதுமாக இருந்தது.

நான் டீச்சர். பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒருநாள் காலையில் வேன் ஜன்னலருகே போய் மெதுவாகச் சொன்னேன்: “அண்ணே, குறை நினைக்காதீங்க. அமெரிக்காவுல துரை ரயில்ல போற இடத்துல கடல் கிடையாது. நீங்க அங்க ரெண்டு புயல் அடிக்க வச்சிருக்கீங்க.”

“கடல் இருக்கு டீச்சர். நீங்க அந்த இடத்துல தூங்கியிருப்பீங்க.”

வேன் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் உலகப்படம் ஒன்றைத் தேடி அவருக்கு அனுப்பினேன். அவமானப்படுத்திவிட்டோமோ என்று அழித்தேன். அழித்ததைத் தப்பாக நினைப்பாரே என்று திரும்ப அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அவருடைய புகழ் பரவிக்கொண்டே போனது. அப்பு யானைமேலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளையும் இறங்க மறுத்துவிட்டது. விரட்ட வந்த வாட்ச்மேன் ஜன்னலில் சாய்ந்து, “அப்புறம்?” என்று கேட்டதில் அன்று கேட் பூட்டவே பிந்திவிட்டது. இன்னொரு நாள் டிக்கோயாவில் பொலிஸ்காரர் ஒருவர் வேனை மறித்தார். பதினாறு பிள்ளைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டு வருவதைப் பார்த்து டயரில் காற்று இல்லையென்று நினைத்துவிட்டார். கப்பல்காரர் இறங்கி நின்று, சிங்களத்தில், “டயர் நல்லா இருக்கு சேர், கடல்தான் கொஞ்சம் கொந்தளிப்பு,” என்றாராம். பொலிஸ்காரர் லைசன்ஸை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்.

இதையெல்லாம் நிலானி சொல்ல நானும் சிரித்தேன். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். மூன்று வாரமாக வாந்தி இல்லை. மாத முடிவுக்கு இன்னும் ஒரே ஒரு வாரம்.

அந்த வாரத்தில் கப்பல்காரருக்குக் காய்ச்சல் வந்தது.

வேனை ஓட்ட அவருடைய மச்சானை அனுப்புவதாக ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. மச்சான் நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறவர். திங்கட்கிழமைக்கு நான் போனிலேயே லீவு சொன்னேன். கதைதான் வாந்தியை நிறுத்துகிறது என்றால், கதை சொல்ல எனக்குத் தெரியாதா? அவருடைய பிழைகளைப் பார்க்க எங்கள் பாடசாலை நூலகத்திலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த முழு நாவலையே கொண்டு வந்தேன். செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்கினேன். நிலானியின் பக்கத்தில், மடியில் புத்தகம், கையில் அவளுக்காக ஒரு சிலிசிலி பேக்.

“லண்டன் மாநகரில் ஒரு கனவான் வசித்து வந்தார்,” என்று வாசித்தேன்.

“டீச்சர், துரை ரெண்டாவது சுத்துல சீனாவுக்கே வந்துட்டாரு,” என்றான் பின்சீட்டிலிருந்து ஒருவன்.

“இது முறையா முதல்ல இருந்து வாசிக்கிறது தம்பி. கேளுங்க.”

“அப்பு எங்க?”

“அப்பு இனித்தான் வருவாரு.”

“எங்க வேன் மாமா கதையில அப்புதான் மொதல்ல வருவான்.”

மச்சான் வேனை மரக்கறி லொறி மாதிரியே ஓட்டினார். கேரட் மூட்டைக்கு வாந்தி வராது, அவருக்கு அந்தக் கவலை பழக்கமில்லை. நான் விடாமல் வாசித்தேன். மூன்றாவது முடக்கில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஐந்தாவது முடக்கில் கனவானுக்கு இரண்டு தலை தெரிந்தது. தேத்தண்ணிக் கடை முடக்கில், என் மகளுக்காக நான் விரித்துப் பிடித்திருந்த பையில், நான் வாந்தி எடுத்தேன்.

டீச்சர் ஒருவர் வாந்தி எடுப்பதை அந்தப் பிள்ளைகள் அதுவரை பார்த்திருக்கவில்லை. ஒரு சின்னக் கை என் முதுகைத் தடவியது.

“அம்மா, புத்தகத்த மூடுங்க,” என்றாள் நிலானி. “கீழ பாக்கக் கூடாது. முன்னுக்குப் பாருங்க. அந்தா, பெரிய அலை ஒன்னு வருது. எந்தப் பக்கம் வருது?”

“தெரியலையே.”

“இடது பக்கம். எல்லாரும் சாயுங்க. அப்பு கம்பத்தைப் பிடிச்சிட்டான், துரை மட்டும் தொப்பியைப் பிடிக்கிறாரு. சாயுங்கம்மா.”

பதினாறு பிள்ளைகளும் சாய்ந்தன. நானும் சாய்ந்தேன். அதன் பிறகுதான் வேன் திரும்பியது. என் வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது.

“அடுத்தது வலது. இது சின்ன அலை, கொஞ்சமா சாஞ்சா போதும்.”

மச்சான் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். “இத்தனை வருசமா மூட்டை ஏத்துறேன். ஒரு மூட்டையும் இப்படி வளைஞ்சு கொடுத்ததில்ல,” என்றார். வேகத்தையும் குறைத்தார்.

ஹட்டன் வரும்வரைக்கும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவருடைய பிழைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். புயல்கள் அத்தனையும் பெரிய முடக்குகள். யானைச் சவாரி, ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்த இடம். அமெரிக்க ரயில், டிக்கோயாவுக்கு முன்னால் வரும் அந்தக் கொஞ்ச நேர நேர்ரோடு. அது முடிந்ததும் அடுத்தடுத்து இரண்டு முடக்கு. ஆகவே அங்கே கடல் இருந்தே ஆக வேண்டும். தூங்கியது நான்தான். அவர் நாவலை ஞாபகப் பிசகாகச் சொல்லவில்லை. வரப்போகும் முடக்கைப் பிள்ளைகளின் உடம்புக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை நான் வேனில் ஏறவில்லை. நிலானிதான் வர வேண்டாம் என்றாள். “நீங்க வந்தா நான் உங்களையும் பாத்துக்கணும்மா.” அந்த வாரம் முழுக்கக் கதையை அவளே நடத்தினாள். ஒரு பையும் செலவாகவில்லை. மாதமும் முடிந்தது. ஹட்டன் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் மறுபடி முடிவு செய்யவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கப்பல்காரர் வந்தார். கழுத்தில் மப்ளர், கன்னம் ஒட்டியிருந்தது.

“ஏன் அண்ணே முதல்லயே எனக்கு விசயத்த சொல்லல?” என்று கேட்டேன். “நான் பாட்டுக்கு உலகப்படமெல்லாம் அனுப்பிக்கிட்டு இருந்தேன்.”

“உங்ககிட்ட சொன்னா நீங்க பிள்ளைக்கிட்ட சொல்லிருவீங்க டீச்சர். வாந்தி வராம இருக்கத்தான் சாயுறோம்னு தெரிஞ்சா அதுங்களுக்கு வாந்தி ஞாபகம் வந்துரும்.”

நான் சொல்லியிருப்பேன்தான். எழுதியும் கொடுத்திருப்பேன்.

அவர் நிலானியிடம் குனிந்தார். “துரை இப்ப எங்கம்மா?”

“அமெரிக்காவுக்குப் போய்ட்டாரு மாமா. நான்தான் கொண்டு போனேன்.”

“அமெரிக்காவா?” மனிதர் முகம் விழுந்துவிட்டது. “நான் சீனாவுலல்ல விட்டுட்டுப் போனேன். பசிபிக் கடல் முழுக்க என்னை விட்டுட்டுப் போய்ட்டீங்களா?”

பின்சீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. அந்தப் பெருங்கடல் அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நிலானி கொஞ்சம் யோசித்தாள். “மாமா, துரைக்கு நீங்க காய்ச்சல்ல இருக்கீங்கன்னு தந்தி வந்திச்சு. அதனால அவரு திரும்பி சீனாவுக்கே வந்துட்டாரு. உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு.”

“பந்தயம்?”

“அப்பு சொன்னான், அத அப்புறம் பாத்துக்கலாம்னு.”

கப்பல்காரர் மப்ளரை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினார். நிமிடத்தை எண்ணி எண்ணி உலகத்தைச் சுற்றிய அந்தத் துரை, ஒரு வேன் டிரைவருக்காக ஒரு பெருங்கடலைத் திரும்பக் கடந்து வந்து நின்றார். நாவலில் அப்படி ஓர் இடம் கிடையாது. நான் திருத்தவில்லை.