பார்த்தால் மட்டும் ஓடிய மணிக்கூடு

மாமனாருக்கு முன்னால் கெட்டிக்காரனாக நிற்க ஆசைப்படாத மருமகன் ஒருவனை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானும் ஆசைப்பட்டேன். அதில் ஒரு மெஷின் நிறையக் கட்டா மீன் நாசமாய்ப் போனது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் இருக்கும். எனக்குக் கலியாணமாகி நாலாவது மாதம். எனக்கு ஊர் குறிஞ்சிப்பிட்டி, மனைவி நஸ்ரினுக்குக் கற்பிட்டி. (பெண் வீட்டில்தான் குடியிருந்தேன். ஆகவே தினமும் விழிப்பது மாமாவின் முகத்தில்.) அவர் எனக்குக் கத்தாரில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டு எந்த மடையன் போவான்? மெஷின்களுக்கு டச் பெனல் பூட்டும் கோர்ஸ் ஒன்றைக் கொழும்பில் முடித்திருந்தேன். அதை வைத்து ஊரிலேயே பிழைப்பேன் என்று காட்டிவிட்டால் தப்பிக்கலாம்.

கடற்கரையில் மாமாவின் மீன் கொட்டிலான வாடியில் கருவாடு காயவைக்கும் மெஷின் ஒன்று இருந்தது. மீனுக்கு எட்டு மணித்தியாலச் சூடு வேண்டும். கரண்ட் போகும் நேரத்தையும், தட்டுகளைத் திருப்பக் கதவைத் திறக்கும் நேரத்தையும் கழித்துத்தான் எண்ண வேண்டும். மெஷினைப் பார்த்துக்கொண்ட பைரூஸ் காக்கா அதைக் கதவிலேயே சோக்கால் கோடு போட்டு எண்ணுவார்.

நான் பெனலைப் பூட்டினேன். மெஷின் ஓடினால் எண்ணும், நின்றால் நிற்கும், எட்டு மணித்தியாலம் ஆனதும் தானாகவே அணைக்கும். ஒரு நாள் முழுவதும் வெறும் மெஷினை ஓடவிட்டு, முன்னால் குந்திக்கொண்டு பார்த்தேன். ஒரு செக்கன்கூடப் பிசகவில்லை.

“இனிச் சோக்கு தேவல்ல காக்கா,” என்று கோடுகளை ஈரத்துணியால் நானே துடைத்தேன். (என்ன திமிர்!)

“சரி மருமகன், நாளைக்கு மீன் போடுவம்,” என்றார் மாமா. “சரி வந்தா கத்தார்க் கதைய உட்டுருவம்.”

அதோடு கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நோன்பு மாதம் அல்லவா, பெனலில் இன்னொரு திரையும் சேர்த்தேன். நோன்பு திறக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அது காட்டும். வாடியே என்னைப் புகழ்ந்தது.

மறுநாள் விடிய ஸுபஹ் தொழுததும் மீனை ஏற்றி மெஷினைப் போட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். நடுப்பகல், லுஹர் நேரம் காக்கா போன் எடுத்தார்.

“தம்பி, மீன் காஞ்ச வாசம் வருது. பெனல் ஒண்டரை மணித்தியாலம்தான் என்டுது.”

“நம்பர் ஓடுதா?”

“பார்த்தா ஓடுது.”

“அப்ப சரி. இடையில கரண்ட் போயிரிக்கும்.”

“போகல்லயே!”

“காக்கா, நீங்க மூக்க நம்புறீங்களா, பெனல நம்புறீங்களா?”

பாவம் மனுசன், பெனலை நம்பினார். பின்னேரம், அஸர் நேரம் மறுபடியும் எடுத்தார். மெஷினில் கை வைக்க வேண்டாம் என்று ஏசினேன்.

பிறகு வந்த போன் மாமாவுடையது. ஓடினேன். நோன்பு திறக்க இருபது நிமிடம் என்று காட்டிக்கொண்டிருந்தது பெனல். காக்கா விரலால் தட்டி முதல் திரைக்குப் போனார். இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம். எங்கள் கண் முன்னால் அது செக்கன் செக்கனாக, நல்ல பிள்ளையாய் ஓடியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேரத்தை எண்ணும் வேலையை அந்த முதல் திரைக்குள்ளேயே எழுதியிருந்தேன். அந்தத் திரை முன்னால் நின்றால்தான் எண்ணும். வேறு திரையைப் போட்டால் மெஷின் ஓடும், எண்ணுவது நின்றுவிடும். காலையிலிருந்து பசியோடு இருந்த நோன்பாளிகள் எல்லோரும் எந்தத் திரையைப் போட்டு வைத்திருப்பார்கள் என்று யோசிக்க என் கோர்ஸ் சொல்லித் தரவில்லை.

மாமா கதவைத் திறந்து ஒரு கட்டாவை எடுத்து மெஷினில் தட்டினார். டொக், டொக்.

“யா அல்லாஹ்! இதால கதிரை மேசை அடிக்கலாம்,” என்றார். பிறகு மிகவும் அமைதியாக, “பாஸ்போட் எங்க வச்சிரிக்கீங்க மருமகன்?”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். காக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் அதைவிட வெட்கமாக இருந்தது.

பெருநாளுக்கு அடுத்த கிழமை விமானம் ஏறினேன். இரண்டு வருடம். மகள் பிறந்த செய்தியைப் போனில்தான் கேட்டேன்.

இப்போது வீட்டுக்கு வருகிற யாராவது கலியாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டால், பன்னிரண்டு என்பேன். உள்ளேயிருந்து நஸ்ரின் திருத்துவாள்:

“பத்து. இவர் வேற ஸ்கிரீன்ல நின்ட ரெண்டு வருசமும் எண்ணுப்படல்ல.”

மாமா முதல் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொன்னவள் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.