இருமல் உட்பட அசல்

லிஃப்ட்காரர் தன்னுடைய பழைய குரலை மறுபடி கேட்டது ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு. அப்போது அவர் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே, நிறுத்திவைத்த லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

குரல் கீழேயிருந்து வந்தது. இருட்டுக் குழிக்குள்ளிருந்து, குளிர்ந்த காற்றோடு சேர்ந்து ஏறி வந்தது.

"விளக்கை அணைக்காதே, வெளியே நான் நிற்கிறேன்..."

எண்ணெய்க் குப்பி கையிலேயே உறைந்தது. அந்தப் பாட்டை எழுதியவர் அவர். மெட்டுப் போட்டவர் அவர். பாடியவரும் அவரே, இருபத்துமூன்று வயதில். இப்போது வயது ஐம்பத்தேழு. இப்போது வாயைத் திறந்தால் கிரீஸ் காய்ந்த கதவு மாதிரிதான் சத்தம் வரும். கீழே பாடியதோ அந்த இருபத்துமூன்று.

இரண்டாவது சரணத்தில் குரல் ஒருமுறை இருமியது.

அந்த இருமலும் அவருடையது. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், அவருடைய அன்றைய பேண்டின் டிரம்மர் அறையில் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, டிரம்மர் விட்ட சிகரெட் புகையில் வந்த இருமல். டிரம்மர் செத்து எட்டு வருஷம் ஆகிறது.

பாட்டு முடிவை நெருங்கியது. அவர் பயந்தபடியே ஆயிற்று. சுருதி மெல்ல ஏறத் தொடங்கியது. தாளம் அவசரப்பட்டது. குரல் மெலிந்து, கீச்சிட்டு, சின்னக் குழந்தை ஒன்று மூச்சிரைக்க ஓடிவருவது மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்துபோய் நாடா மெதுவாக ஓடியது. புது பேட்டரி போட்டுக் கேட்டால் கடைசி நாலு வரியும் வேகமெடுத்து அப்படித்தான் வரும். பேட்டரி தீர்ந்ததைக்கூட ஆவிகள் ஞாபகம் வைத்திருக்குமா என்ன?

அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். பாட்டு முடிந்து இரண்டு விநாடி மௌனம். பிறகு ஒரு பேச்சு.

அது வருவதற்குள் கையிலிருந்த குப்பி நழுவியது. நாலு மாடி ஆழத்துக்கு டங் டங்கென்று விழுந்தது. கீழே பாட்டு நின்றது. குழி முழுக்க நிசப்தம்.

லிஃப்ட்காரர் ஏன் இப்படி நடுங்கினார் என்று சொல்ல வேண்டும். அந்தப் பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மூன்றாவது மாடியில் வீடு. மனைவி தையல்காரி. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். அத்தனை வருஷமும் அவர் கையில் ஒரே ஒரு துருப்புச் சீட்டுதான் இருந்தது. துணி மடிக்கச் சொன்னாலும், குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாலும், சட்டைக்குப் பட்டன் வைத்துத் தரச் சொன்னாலும் அதை எடுத்து வீசுவார்: "உனக்காக மியூசிக்கையே விட்டவன் நான்."

கதை இப்படி. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, இவள் வீட்டு ஜன்னலில் எரிந்த விளக்கை நினைத்து அந்தப் பாட்டை எழுதினாராம். அவளுக்கு மட்டும் ஒருமுறை பாடிக் காட்டினாராம். அப்புறம் குடும்பமே சங்கீதம் என்று முடிவு செய்து, பதிவு செய்த ஒரே கேசட்டையும் கொளுத்திவிட்டாராம்.

பாட்டு உண்மை. அவளுக்குப் பாடிக் காட்டியதும் உண்மை. மற்றதெல்லாம் பொய். ஜன்னல் வேறு, விளக்கு வேறு, பெண்ணும் வேறு. டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் சுருட்டை. தையல்காரியின் தலைமுடியோ நூல்கண்டிலிருந்து இழுத்த நூல் மாதிரி நேர்முடி. கேசட்டின் கடைசியில் வரும் பேச்சு இதுதான்: "சுருட்டை, இந்தப் பாட்டு உனக்கு மட்டும்தான். வேற எவளுக்கும் இதைப் பாட மாட்டேன்."

கேசட்டை அவர் கொளுத்தவும் இல்லை. கிதார்ப் பெட்டியின் உள்துணியைப் பிரித்து, அதற்குள் வைத்து, தன் கையாலேயே தைத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்.

படியிறங்கி வீட்டுக்குள் வந்தபோது மனைவி மெஷினில் இருந்தாள்.

"என்னங்க, பேயைப் பார்த்த மாதிரி வர்றீங்க?"

"கீழே யாரும்மா பாடுறது?"

"நாலு பசங்க. ராக் பேண்டாம். அடித்தள ஹால்ல பிராக்டிஸ் பண்றாங்க. பழசுன்னா உயிரு. முடி பழசு, கிதார் பழசு, பாட்டு பழசு. பசங்கதான் புதுசு. இதுகூட அவங்க பேண்ட்டுதான்."

தைத்துக்கொண்டிருந்ததை அவள் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே குடை மாதிரி விரிந்திருந்தது.

"இதென்ன, தெருவையே பெருக்கிடலாம் போல?"

"பெல்பாட்டம். நீங்க போட்டதுதானே? அப்போ எந்தத் தெருவைப் பெருக்கினீங்க?"

அவர் துண்டை எடுத்துக் கை எண்ணெயைத் துடைத்தார்.

"சனிக்கிழமை நாலு மணிக்குக் கச்சேரி. நமக்கு முன் வரிசை."

"எனக்கு லிஃப்ட்ல வேலை இருக்கு."

"லிஃப்ட் எங்கே போயிடப் போகுது? மேலே போகும், இல்லாட்டி கீழே வரும். சும்மா நிக்காம இந்தச் சட்டைக்குப் பட்டனாவது வச்சுக் குடுங்களேன்."

"கிதார் பிடிச்ச விரல்ம்மா இது. உனக்காக அதையே விட்டேன். ஊசியைப் பிடிக்கச் சொல்றியா?" பழக்கத்தில் வந்துவிட்டது. குரலில்தான் தெம்பில்லை.

"அடடா, மறந்தே போயிட்டேங்க," என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மெஷின் கடகடவென்று ஓடியது.

அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவர் நாற்காலி போட்டு ஏறிக் கிதார்ப் பெட்டியை இறக்கினார். உள்துணியைத் தடவினார். தையல் பிரியவில்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை எறும்பு வரிசை மாதிரி நேராக, அழகாக இருந்தது. அழுத்திப் பார்த்தார். சதுரமாக, கெட்டியாக, அதே இடத்தில் அதே டப்பா. ஆட்டினால் கடகடவென்றது. பழசாகி உள்ளே கழன்றிருக்கும்.

யாரும் தொடவில்லை. அப்படியானால் கீழே பாடுவது எப்படி? இந்தக் கேசட்டைக் கேட்டவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் நாற்காலிமேல் நின்றுகொண்டிருக்கிறார். இன்னொருவர் டிரம்மர்.

நாற்காலி லேசாக ஆடியது. அவர் இறங்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அடித்தள ஹாலுக்குப் போனார். ஜன்னல் இல்லாத இடம். பட்டப்பகலிலும் விளக்குப் போடாவிட்டால் சுவர் தெரியாது. நாலு பையன்கள். தோள்வரை முடி. பாடுகிறவன் திரும்பிப் பார்த்தான். முகம் வேறுதான். ஆனால் கிதாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, இடது தோளைச் சற்றே சரித்து நின்ற நிலை அவருடையது. பையனின் வலது முழங்காலில் நட்சத்திர வடிவில் ஒட்டு. அவர் மேடையிலிருந்து குதித்துக் கிழித்த இடத்தில் போட்ட அதே ஒட்டு. இவன் பேண்ட் கிழியவே இல்லை, புதுத்துணிமேல் ஒட்டு.

"வாங்க அங்கிள். லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்லப்பா. நேத்து ஒரு பாட்டுக் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஏதோ இருமல் வந்துச்சே, உடம்பு சரியில்லையா?"

"ஐயோ, அது ஒரிஜினல்ல இருக்கு அங்கிள். இரண்டாவது சரணம், மூணாவது வரி. அதை விட்டா பாட்டே இல்லை."

"கடைசியில கன்னாபின்னான்னு சுருதி ஏறுதே?"

பையனின் கண் மின்னியது. "அதுதான் அங்கிள் ஜீனியஸ்! ஒரு மனுஷன் காதல் முத்திக் குழந்தையா மாறிடறான். இப்ப எவனாவது இப்படி யோசிப்பானா? அதைப் பிடிக்க எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு."

பேட்டரி தீர்ந்துபோச்சுடா என்று சொல்ல அவருக்கு நாக்கு துடித்தது. சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பான்.

"யாரோட பாட்டு?"

"பெயர் தெரியாது. ஒருத்தங்க கேசட்டும், முகம் மங்கின ஒரு பழைய ஃபோட்டோவும் குடுத்தாங்க. யாருன்னு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"பாடினவர்?"

பையன் குரலைத் தாழ்த்தினான். "அவர் போயிட்டாராம் அங்கிள். இருபத்தொம்பது வருஷம் ஆச்சாம். சின்ன வயசு."

லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இருபத்தொன்பது என்ற கணக்கில் தன் கல்யாண வருஷமும் வருகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பயந்த மண்டையில் கணக்கு ஏறாது. தான் எப்போது செத்தோம் என்றுதான் யோசித்தார்.

"கடைசியில ஒரு பேச்சு வருமே..." என்று இழுத்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா! அதுக்குள்ளதான் நேத்து ஏதோ விழுந்து நின்னுடுச்சு. உங்களுக்கு எப்படி அங்கிள்..."

"பொதுவா வரும். அந்தக் காலத்துப் பாட்டுல எல்லாம் வரும். அதை மட்டும் விட்டுடுங்களேன். கேக்குறவங்க பயந்துடுவாங்க."

நாலு பேரும் ஒரே சமயத்தில் முடியாதென்று தலையை ஆட்டினார்கள். ஒரே அளவு, ஒரே வேகம்.

"ஒரு மூச்சைக்கூட மாத்த மாட்டோம் அங்கிள். செத்தவருக்குச் செய்யுற மரியாதை."

அன்று இரவு முழுக்க அவர் புரண்டார். காலையில் ஒரு முடிவோடு எழுந்தார். ஹாலுக்குப் பக்கத்திலேயே மின்சார அறை. சாவி அவரிடம்தான். சனிக்கிழமை பாட்டை ஓடவிட வேண்டும். கடைசி வரி முடிந்த அந்த இரண்டு விநாடி மௌனத்தில் ஹால் சுவிட்சை இறக்க வேண்டும். மைக் செத்துவிடும். கூட்டம் கலவரத்தில் எழுந்துவிடும். துருப்புச் சீட்டு பிழைத்துவிடும். தன் மூளையை அவரே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. மனைவி முன் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் அவர் ஐந்து பாட்டுவரை இருந்தார். ஆறாவதாக அந்தப் பாட்டின் முதல் கிதார் ஒலி எழும்பியதும், "லிஃப்ட்ல ஏதோ சத்தம்மா," என்று எழுந்தார்.

"போயிட்டு வாங்க," என்றாள் அவள், மேடையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மின்சார அறையின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து மேடை தெரிந்தது. மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், தொண்டை நரம்பு புடைக்க, அவரே பாடிக்கொண்டிருந்தார். இருமினார். நட்சத்திர ஒட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்தார். சுருதி ஏறியது. கூட்டத்தில் ஒருவர்கூட அசையவில்லை. குழந்தைக் குரல் கடைசி முறையாகக் கெஞ்சியது:

"விளக்கை அணைக்காதே..."

லிஃப்ட்காரர் அணைத்தார்.

கும்மிருட்டு. பதற்றத்தில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டதால் கட்டடமே செத்தது. எங்கோ மேலே லிஃப்டு ஒன்று முனகி நின்றது. அவர் காத்திருந்தார். நாற்காலி நகரும் சத்தம் இல்லை. கூச்சல் இல்லை. ஒரு விநாடி. இரண்டு விநாடி.

இருட்டுக்குள்ளிருந்து, முன் வரிசையிலிருந்து, ஒரு குரல் கிளம்பியது. மெலிந்து, கீச்சிட்டு, அவசர அவசரமாக, ஏற்ற இறக்கம் பிசகாமல்:

"சுருட்டை, இந்தப் பாட்டு உனக்கு மட்டும்தான். வேற எவளுக்கும் இதைப் பாட மாட்டேன்."

அது பையனின் குரல் இல்லை.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவர் சுவிட்சை ஏற்றினார். வெளிச்சம் வந்தபோது மேடையில் நாலு பையன்களும் கண்ணீரோடு நின்றார்கள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. முன் வரிசை நடு நாற்காலியில் மட்டும் ஒருத்தி, திரும்பிப் பார்க்காமல், மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கிதார்ப் பெட்டியைத் தானே இறக்கி மேஜைமேல் வைத்தாள். கத்தரியை எடுத்தாள்.

"நீங்க அதைத் தச்சது எப்பங்க?"

"க... கல்யாணத்துக்கு முந்தின வாரம்."

"கோணல்மாணலா ஒரு தையல். வந்த மாசமே கண்ணை உறுத்துச்சு. தையல்காரி வீட்டுல இப்படி ஒரு தையலான்னு பிரிச்சேன். கேட்டேன். நேராத் தச்சு வச்சேன்." கத்தரி நுனி உள்துணியில் ஓடியது. "ஊசியில நூல் கோக்கத் தெரியாத மனுஷன், புதன்கிழமை இந்தத் தையலைப் பார்த்தீங்களே, இவ்வளவு நேரா இருக்கேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"இருபத்தொம்பது வருஷமா நீ ஒண்ணுமே..."

"சொல்லித்தான் பார்த்தேன். பட்டன் வச்சுக் குடுங்கன்னு."

துணிக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்தாள். கடகடவென்று மேஜை முழுக்கப் பட்டன்கள் உருண்டன. பக்கத்தில் எட்டுச் சட்டைகளை அடுக்கினாள். நூல் கோத்த ஊசி ஒன்றை அவர் விரல்களுக்கிடையில் சொருகினாள். கிதார் பிடித்த விரல்கள் அதை ஒழுங்காகவே பிடித்தன.

மூன்றாவது பட்டனில் இருந்தபோது, லிஃப்ட் குழி வழியாகப் பாட்டு மறுபடி ஏறி வந்தது. இன்னொருமுறை பாடச் சொல்லி ரசிகர்கள் கேட்டார்களாம். இரண்டாவது சரணத்தில் அந்தக் குரல் இருமியது.

தையல்காரி மெஷினை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"பாவங்க," என்றாள். "என்னமாப் பாடியிருக்கார். நல்ல மனுஷங்கதான் சின்ன வயசுலயே போயிடறாங்க."