தையல்காரர் கழுத்தை நீட்டினார்

கத்திரிக்கோல் கை தவறி விழுந்தால் உலகம் இடிந்தா போய்விடும்? தையல்காரர் காலையிலேயே சபதம் எடுத்துக்கொண்டார். நேற்று சாயங்காலம் வலது கை மரத்துப்போய்க் கத்திரி நழுவி விழுந்தது. வாயும் லேசாகக் குழறியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. இதைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடக்கூடாது! விட்டால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் கத்திரியின் பிடியில் சிவப்புத் துணியைச் சுற்றி, "பிடி வழுக்குது" என்று பழியை அதன் தலையில் கட்டினார்.

மனைவி அந்தச் சிவப்புத் துணியை ஒரு பார்வை பார்த்தாள். பித்தான் தைத்தபடியே சொன்னாள்.

"ஏங்க, எனக்குத் தலை சுத்துது. கழுத்துல ஸ்கேன் பண்ணணுமாம். மூளைக்கு ரத்தம் போற குழாய் சுருங்கியிருக்கான்னு பாப்பாங்களாம்."

"உனக்கா? கிளம்பு, கிளம்பு!"

தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டார். அளவு நாடாவைத் தோளிலிருந்து எடுக்கக்கூட மறந்து அவளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

ஸ்கேன் அறையில் கட்டிலைப் பார்த்ததும் மனைவி பின்வாங்கினாள்.

"பயமா இருக்குங்க. முதல்ல நீங்க படுத்துக் காட்டுங்களேன்."

"இதுக்குப் போயா? எத்தனை பேர் கழுத்தை அளந்தவன் நான்! நீட்ட மாட்டேனா?"

"நான் ஒரே ஒரு தடவை நீட்டினேன். இன்னும் அனுபவிக்கிறேன்."

படுத்தார். ஸ்கேன் எடுக்கும் பெண் சில்லென்று ஜெல்லைத் தடவிக் கருவியை உருட்டினாள். திரையில் சிவப்பும் நீலமும் பாய்ந்தன. உஷ்... உஷ்... என்று சத்தம்!

"அட, என் ரத்தமா இது? கேளேன், நம்ம மெஷினை விட ஜோரா ஓடுது!"

இடது பக்கம் வந்ததும் சத்தம் கிறீச்சிட்டது. பெண்ணின் கை அங்கேயே நின்றது.

"இங்க பாதிக்கு மேல அடைச்சிருக்குங்க. வழி குறுகினதால ரத்தம் சீறிக்கிட்டுப் போகுது."

"பிரிச்சுத் தைக்க முடியாதா?" தையல்காரர் அளவு நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரையா ஆபரேஷனான்னு டாக்டர்தான் சொல்லணும். பக்கத்து அறையில இருக்கார், இப்பவே போங்க. நல்லவேளை, பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி வந்துட்டீங்க."

தையல்காரர் எழுந்தார். கழுத்தைத் துடைத்தார். எஞ்சியிருந்த கெத்தையெல்லாம் திரட்டிக்கொண்டார்.

"என் கதை கிடக்கட்டும். தலை சுத்துறது உனக்குத்தானே? நீ படு முதல்ல."

மனைவி அவர் செருப்போடு வாசலில் தயாராக நின்றாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"எனக்கு எதுக்கு? நேத்து வாய் குழறுனது எனக்கா? நானா கத்திரிக்குத் துணி சுத்தினேன்?"